போன்ஜூர் சொல்லாதவருக்கு சீஸ் கிடையாது

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை ஓடில் கடைக்குக் கீழே இருந்த நிலவறைக்கு இறங்கிப் போனாள். ஒரு கையில் பிரஷ், மறு கையில் வாளி நிறைய உப்புத் தண்ணீர். அடுக்கில் பழுக்க வைத்திருக்கும் சீஸ் வட்டங்களின் தோலைத் தேய்த்துக் கழுவி, புரட்டி வைக்க வேண்டும். அது அவள் கணவர் ரெமி செய்துகொண்டிருந்த வேலை. ஓடிலின் இடம் மேலே, கவுன்ட்டருக்குப் பின்னால். கல்யாணமான மறுவாரம் அங்கே வந்து நின்றவள், ரெமியை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளும் அங்கேதான் நின்றாள்.

போன வாரம் விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்ததும் இன்ஷூரன்ஸ் வேலையை உதறிவிட்டுக் கடைக்கு வந்த மகன் ஃபாபியன், தன் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினான் அல்லவா? வெளிநாட்டிலிருந்து வந்துபோன ஒரு பெண் கடையைப் பற்றி எழுதியிருந்தாள். பாரிஸில் மரியாதை தெரியாதவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாளாம். அவர்களுடைய மகாராணியை இந்தக் கடையில்தான் நேரில் கண்டாளாம். மகாராணி சிரிக்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, கடைசியில் கேட்ட சீஸைக் கொடுக்கவும் இல்லை. கீழே இன்னும் பல பேர், தங்களுக்கும் இதே கதிதான் என்று வழிமொழிந்திருந்தார்கள். சனிக்கிழமையிலிருந்து நீ கீழே இரு அம்மா, மேலே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஃபாபியன் சொல்லிவிட்டான்.

ஓடிலைக் கேட்டால் கதை வேறு மாதிரி வரும். அந்தப் பெண் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, பிரீ சீஸ் இருக்கிறதா என்றாள். ஓடில், போன்ஜூர் என்றாள். அவள் மறுபடியும் பிரீ இருக்கிறதா என்றாள். ஓடில் மறுபடியும், கொஞ்சம் அழுத்தி, போன்ஜூர் என்றாள். உள்ளே வருகிறவர்தானே முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்? எங்கள் தெருவில் நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் நாய்க்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குள் கால் வைப்பார்கள்.

அப்படியும் விட்டுக்கொடுத்து, எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று ஓடில் கேட்டாள். இன்றைக்கே என்றாள் அந்தப் பெண். அந்த பிரீயோ நடுவில் இன்னும் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. இது உங்களுக்கு இல்லை என்று சொல்லி ஓடில் அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். பழுக்காததை விற்பது அவளுக்குப் பொய் சொல்வதைப் போல. அந்தப் பெண்ணுக்கோ அது முகத்தில் அறைந்த மாதிரி.

வெளியூர்க்காரர்கள் நம்மைப் பற்றி எழுதுவதை நான் படிப்பதில்லை. படித்தால் கோபம் வரும். கோபப்பட்டால் அவர்கள் எழுதியது நிஜமாகிவிடும்.

கடை திறக்கும் நேரத்துக்கு ஃபாபியன் வந்தான். படியின் உச்சியில் நின்று, "அம்மா, பெரிய கத்தி எங்கே?" என்றான். தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதாக ஓடில் சொன்னாள். அவன் காலடி நகர்ந்து போய்விட்டது.

மேலே கதவு திறக்கும்போதெல்லாம் அவளுக்குக் கேட்டது. வருகிறவர்கள் பொதுவாக எல்லோருக்கும் ஒரு போன்ஜூர் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓடில் கீழேயிருந்தே முணுமுணுப்பாகப் பதில் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், தான் இவ்வளவு நேரமும் சீஸ் அடுக்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு தேய்த்தாள்.

மேலே ஃபாபியன் சிரித்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து சிரித்தான். வந்தவர் போனவரிடமெல்லாம் எப்படி இருக்கிறீர்கள், இந்த நாள் எப்படிப் போகிறது என்று விசாரித்தான். இன்ஷூரன்ஸ் விற்பனைப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெருக்காரர்கள் பயந்துபோனார்கள். காரணமில்லாமல் ஒருவன் பல்லைக் காட்டினால் ஒன்று அவனுக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும், இல்லை நம் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறான் என்றுதானே இங்கே அர்த்தம்?

முசியே கெர்வெல் வந்தார். பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவர். சனிக்கிழமை தவறாமல் ஒரே ஆட்டுப்பால் சீஸை வாங்குகிறவர். மழை பெய்தால் மழையைப் பற்றியும், பெய்யாவிட்டால் பெய்யாததைப் பற்றியும் அவரும் ஓடிலும் சேர்ந்து அலுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர்கள் பேசியதில்லை. ரெமியின் அடக்கத்துக்கு வந்தவர்களில் கடைசியாகக் கல்லறையை விட்டுப் போனவர் அவர்தான்.

"ஆஹா, முசியே கெர்வெல், இன்னைக்கு எப்படி இருக்கீங்க, சந்தோஷமா இருக்கீங்களா?" என்றான் ஃபாபியன்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வெண்ணெய் வெட்டிக்கொண்டிருந்த மகலியிடம் திரும்பி, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

மகலி ஃபாபியனின் மனைவி, தெற்கே மார்செய் ஊர்க்காரி. சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார் என்றாள். மதாம் எங்கே என்றார் கெர்வெல். ஓய்வில் இருப்பதாக ஃபாபியன் முந்திக்கொண்டு சொன்னான். அப்படியானால் செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கீழே ஓடில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் மூக்குடைபட்டதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்ற மகன் தோற்பதில் என்ன சந்தோஷம் என்று உடனே தன்னைத்தானே கடிந்துகொண்டாள். ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

மதிய இடைவேளைக்குக் கடையைச் சாத்துவதற்குச் சற்று முன்னால் லுதிவின் வந்தாள். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போய்த் தின்று பார்க்க வைக்கிறவள் அவள். அவளுடைய சனிக்கிழமைச் சுற்றில் தன் கடையும் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஃபாபியன் இத்தனை நாளாகத் தவம் கிடந்தான். அம்மாவைக் கீழே இறக்கியதும் அதற்காகத்தான்.

லுதிவின் நாலைந்து துண்டுகளைச் சுவைத்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். ஆனால் முகத்தில் களை இல்லை. இப்படி இளித்துக்கொண்டு விற்கிற கடை அவர்கள் ஊரிலேயே மூலைக்கு மூலை இருக்கிறது, இதைப் பார்க்கவா விமானம் ஏறி வருகிறார்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா எங்கே? உங்க கடையைப் பத்தி எழுதியிருக்காங்களே, அந்தம்மா" என்று கேட்டாள்.

ஃபாபியனுக்கு வியர்த்துவிட்டது. அது ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது, இனிமேல் அப்படி நடக்காது என்று ஆரம்பித்தான். லுதிவின் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஐயோ, எனக்கு அந்தம்மாதான் வேணும். பாரிஸ்ல வந்து ஒரு திட்டு வாங்கலன்னா ஊருக்குப் போய் என்னத்தச் சொல்லுவாங்க? வேற எங்கேயாவது வாங்கினா அழுதுருவாங்க. என்கூட வந்து வாங்கினா சிரிப்பாங்க. சாயங்காலம் ஒரு கூட்டம் இருக்கு. அந்தம்மா நின்னா கூட்டிட்டு வரேன்."

அந்த நேரத்தில் ஓடில் நிலவறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு ரொட்டியும் நேற்று வேகவைத்த லீக்ஸ் தண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் கடையின் பின்னறையில் ரெமியும் அவளும் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவளுக்கு ஒயின் ஊற்றிவிட்டுத்தான் தனக்கு ஊற்றிக்கொள்வார். அவ்வளவுதான். அந்த அவ்வளவு இப்போது இல்லை.

ஞாயிறு மதியம் கடையைச் சாத்தினால், செவ்வாய்க்கிழமை காலை திறக்கும்வரை ஓடிலிடம் பேச ஒரு ஆள் கிடையாது. மாடி வீட்டில் அவள், எதிர் வீட்டில் மகனும் மருமகளும். அவர்கள் வீட்டு விளக்கு எரிவதும் அணைவதும் ஜன்னலில் தெரியும். மற்ற நாட்களைக் கவுன்ட்டர்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதையும் பறித்தால் வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை. 

ஃபாபியன் படியிறங்கி வந்தான்.

"அம்மா, நீ மேல வரலாம்."

ஓடில் தட்டைக் கீழே வைத்தாள். அவன் லுதிவின் சொன்னதையெல்லாம் சொன்னான். மெதுவாக, நல்ல செய்தியைச் சொல்கிற குரலில் சொன்னான்.

"நான் யாரையும் திட்டினதில்லையே" என்றாள் ஓடில்.

"நீ எப்பவும் போல இரு. அவங்களுக்கு அதுவே திட்டு மாதிரிதான் இருக்கும்."

"தெரியாம வர்றவங்களுக்கு எப்படிக் கேக்கணும்னு சொல்லித் தர்றேன். அது திட்டா?"

"அம்மா, ப்ளீஸ். சிரிக்காம இரு, அது போதும்."

"நான் எப்ப சிரிச்சேன், இப்ப நிறுத்தச் சொல்ல?"

 ஓடில் யோசித்தாள். சர்க்கஸில் கரடியைக் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி நிறுத்தப் போகிறார்கள் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. மானம் பெரிதா, கவுன்ட்டர் பெரிதா என்று எண்ணிப் பார்த்தாள். கவுன்ட்டர்தான் பெரிதாக இருந்தது. எழுந்து, ஆணியில் தொங்கிய வெள்ளை ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

மேலே வந்தபோது மகலி அவள் காலரைச் சரிசெய்தாள். மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மகலி ஒருநாளும் 'நீங்க'வை விட்டதில்லை.

"ஓடில், உங்களுக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் அவர்கிட்ட பேசறேன்."

"உங்க ஊர்ல எங்களைப் பத்தி என்ன சொல்றாங்க?"

"பாரிஸ்காரங்களைப் பத்தி வெளிநாட்டுக்காரங்க சொல்றதெல்லாம் ரொம்பக் கம்மி. மார்செய்க்கு வந்து கேளுங்க."

ஓடிலுக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, ஃபாபியன் பார்க்கவில்லை.

சாயங்காலம் லுதிவின் கூட்டத்தோடு வந்தாள். மழைக்கோட்டும் முதுகுப்பையுமாகக் கடை நிறைந்துவிட்டது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள் முன்னால் வந்து, கவுன்ட்டர்மேல் முழங்கையை ஊன்றி, பிரீ இருக்கிறதா என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போன்கள் எல்லாம் ஓடிலை நோக்கி உயர்ந்தன.

"போன்ஜூர், முசியே" என்றாள் ஓடில்.

அவர் தோழர்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, மறுபடியும் பிரீ இருக்கிறதா என்றார். இன்னும் பலமான சிரிப்பு.

அப்போதுதான் ஓடிலுக்குப் புரிந்தது. இவர்களுக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று லுதிவின் வாசலிலேயே சொல்லிக்கொடுத்து, அதைச் சொல்லக்கூடாது என்றும் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறாள். தெரியாமல் சொல்லாதவர்கள்மேல் ஓடிலுக்குக் கோபம்தான் வந்திருக்கிறது. தெரிந்தே சொல்லாமல் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. கத்தியை எடுத்துத் துடைத்தாள்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து, நீல மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி ஒதுங்கி ஒதுங்கி முன்னால் வந்தாள். நரைத்த தலை, ஓடிலின் வயதுதான் இருக்கும். லுதிவின் கண்ணால் தடுத்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, "போன்ஜூர், மதாம்" என்றாள். உச்சரிப்பு கோணல்மாணலாக இருந்தது.

இன்றைக்கு முழுக்க ஓடிலைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் போன்ஜூர் அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன்ஜூர், மதாம். எப்ப சாப்பிடப் போறீங்க?"

மகலிக்கு ஆங்கிலம் தெரியும். அவள் கேட்டுச் சொன்னாள். இன்றைக்கே, ஓட்டல் அறையில். எத்தனை பேருக்கு என்றாள் ஓடில். ஒருத்திக்குத்தான். கணவரோடு வருவதாக இருந்த பயணமாம், பிறகு அவர் இல்லாமல் போய்விட்டாராம். ஓடில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆட்டுப்பால் சீஸ்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஓரம் இளகத் தொடங்கியிருந்த ஒரு சின்ன உருளையை எடுத்துக் காகிதத்தில் மடித்தாள். அறையில் ஃப்ரிட்ஜ் இருந்தாலும் உள்ளே வைக்க வேண்டாம், ஜன்னல் ஓரத்தில் வையுங்கள், கொஞ்சம் தேன் கிடைத்தால் விடுங்கள் என்று சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் முறைப்படி நன்றி சொல்லி, முறைப்படி விடைபெற்று, கூட்டத்துக்குக் காத்திராமல் தனியாகவே வெளியே போய்விட்டாள். ஓடில் கண்ணாடி வழியே அவள் தெருவைக் கடக்கும்வரை பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பேசியிருக்கலாம் என்று இருந்தது.

கடைக்குள் சுருதி இறங்கிவிட்டது. போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. அரைக்கால் சட்டைக்காரர் கொட்டாவி விட்டார். லுதிவின் ஃபாபியனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், இதுக்கா வந்தோம் என்கிற மாதிரி.

ஃபாபியன் கவுன்ட்டருக்குப் பின்னால் வந்தான். அம்மாவின் காதருகே குனிந்தான்.

"அம்மா, கொஞ்சம் திட்டேன்."

ஓடில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"திட்டணுமா? சரி, திட்டறேன். காலையில வந்ததும் என்ன சொன்னே? கத்தி எங்கேன்னே. நேத்து சாவி எங்கேன்னே. உங்கப்பா போனதுலேர்ந்து இந்தக் கதவைத் தொறந்து வந்து எனக்கு ஒரு போன்ஜூர் சொல்லியிருக்கியாடா நீ? அவங்க கடல் தாண்டி வர்றாங்க, தெரியாது, சொல்லல. நீ என் வயித்துல பொறந்தவன். முன்னெல்லாம் உள்ள வரும்போது சொல்லுவே, எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது அவருக்கு மட்டும்தான்னு இப்பதானே தெரியுது. ஞாயித்துக்கிழமை நான் யார்கூடப் பேசறேன் தெரியுமா உனக்கு? ரேடியோவுல இருக்கறவன் போன்ஜூர்ங்கறான். நான் அவனுக்குப் பதில் சொல்றேன். உன் வீட்டு ஜன்னல் எதிர்லதான் இருக்கு. ஒரு நாள் கையாட்டினியா? பழுக்க வைக்கறதுக்கா என்னைக் கீழ இறக்கினே? நான் பழுத்து ரொம்ப நாளாச்சு ஃபாபியன். எனக்கு ஆள் இல்லடா. இங்க நின்னாத்தான் எனக்கு ஆள்."

அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. அத்தனை சத்தமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. ரெமியிடமும் இல்லை. மூச்சு வாங்கியது. நிறுத்தினாள்.

கைதட்டல் எழுந்தது.

அரைக்கால் சட்டைக்காரர் விசிலடித்தார். எல்லாப் போன்களும் மறுபடி மேலே இருந்தன. ஒரு பெண் தன் கணவரைக் கவுன்ட்டருக்கு முன்னால் நிறுத்தி, ஓடிலும் விழுகிற மாதிரிப் படம் எடுத்தாள். லுதிவின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கேட்டதைவிட நன்றாக வந்துவிட்டதாம்.

என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று ஆளாளுக்கு மகலியைக் கேட்டார்கள். மகலி மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துப்போய், கையில் இருந்த துணியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"கத்தியைக் கழுவாம வெச்சுட்டாராம். அதுக்குத்தான்" என்று மகலி ஆங்கிலத்தில் சொன்னாள்.

கடை அதிர்ந்தது. இன்னும் ஒரு சுற்றுக் கைதட்டல். அந்தச் சிரிப்பின் நடுவே ஃபாபியன் துணியைக் கவுன்ட்டர்மேல் வைத்தான். யாரையும் பார்க்காமல் நிலவறைப் படியில் இறங்கிப் போனான். கீழே விளக்கு போடும் சத்தம் கேட்கவில்லை.

லுதிவின் ஓடிலின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இனி எல்லாச் சனிக்கிழமையும் வருகிறோம் மதாம், ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம், மகனும் கட்டாயம் நிற்க வேண்டும், அவர் இல்லாமல் எடுபடாது என்றாள். கவுன்ட்டர் இனி உங்களுடையதுதான் என்றும் சொன்னாள்.

மகலி படிக்கட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். ஒரு படி இறங்கினாள். பிறகு அங்கேயே நின்றுவிட்டாள்.

ஓடில் கத்தியை எடுத்தாள்.  கடையில் ஆட்கள் நிற்கும்போது வேலையை விட்டுப் போய் அவளுக்குப் பழக்கமில்லை.

"அடுத்தது யாருக்கு?" என்று கேட்டாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கடை நிறைய ஆட்கள், எல்லோரும் சிரித்த முகமாக அவளையே பார்த்துக்கொண்டு, அடுத்த திட்டுக்காகக் காத்திருந்தார்கள்.